தொட்டியைக் கழுவுங்ணா

"அப்பாடா, இன்னைக்காவது தொட்டியைக் கழுவ வந்தீங்களே. ரொம்ப சந்தோசமுங்ணா."

லூனாவை வாசலில் நிறுத்திவிட்டு, பிளீச்சிங் பவுடர் டப்பாவும் துடைப்பமுமாகப் பின்பக்கம் வந்த அரங்கசாமி அப்படியே நின்றுவிட்டார். அவர் வீட்டில் குடியிருக்கும் அன்புச்செல்வியின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கோவை கணபதியில் மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரர். குடியிருப்பவர்கள் எதைக் கேட்டாலும் 'முடியாது' என்று சொன்னால்தான் மனிதருக்கு அன்றைய சாப்பாடு இறங்கும். போன மாதம் மாடிப்படிக்கு ஒரு பல்பு கேட்டார்கள். இருந்த ஹோல்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

"கழுவறதுக்குன்னு யார் சொன்னா? சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் அம்மணி."

"அப்படிச் சொல்லாதீங்ணா. உள்ளே பாருங்க, பச்சைப்பசேல்னு கெடக்குது. தேச்சுக் கழுவிப்போட்டா எனக்கு நிம்மதியா இருக்குமுங்க."

எட்டிப் பார்த்தார். துணி துவைக்கத் தண்ணீர் பிடித்துவைக்கும் சிமென்ட் தொட்டி. கீரைக் கடைசலைக் கொட்டிவைத்தது போலப் பாசி திரண்டு கிடந்தது. கழுவ வேண்டியதுதான். ஆனால் இவள் கேட்டுத் தொலைத்துவிட்டாளே.

"பாசி நல்லதாமா. நேத்துப் பேப்பர்ல பார்க்கலியா? நம்மூரு காலேஜ்ல யாரோ கண்டுபிடிச்சிருக்காங்க. நல்ல தண்ணிப் பாசியில ஒரு மாதிரி சர்க்கரை இருக்குதாமா. கோழிக்குஞ்சுக்குக் கொடுத்தா எதிர்ப்புச் சக்தி ஏறி, சீக்கு லேசுல அண்டறதில்லையாமா."

"பேப்பர்ல ஆயிரம் போடுவாங்க. அதையெல்லாம் நம்பிக்கிட்டு."

"படிச்ச அம்மணி பேசற பேச்சா இது?" அரங்கசாமிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அத்தனை சத்தையும் தேச்சுச் சாக்கடையில உடச் சொல்றியா?"

"செரி, கழுவ வேண்டாமுங்க. அந்தப் பவுடரையாவது ஒரு கை போட்டுட்டுப் போங்க."

"ஒரு சிட்டிகை போட மாட்டேன்."

"வெயில் நேரா உழுகுதுங்ணா. அதனாலதான் இப்படி மொளைக்குது. மேல ஒரு தகரமாவது போட்டு மூடுங்க."

"அதுவும் முடியாது. நீங்களா கழுவலாம்னும் நெனைக்காதீங்க. எவனாவது துடைப்பத்தோட இந்தப் பக்கம் வந்தான்னு தெரிஞ்சுது, ஊட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்."

அன்புச்செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழவைத்துவிட்ட திருப்தியில் அரங்கசாமி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு நன்றாகப் பசித்தது.

வாசல் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அவள் கணவன் பிரான்சிஸ், லூனா சத்தம் தேய்ந்த பிறகுதான் வெளியே வந்தான்.

"என்னாச்சு அம்மணி? கழுவிப்போட்டாரா?"

அன்புச்செல்வி முந்தானையை எடுத்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் முகமே சிவந்திருந்தது.

"என் ஆராய்ச்சி முடியற வரைக்கும் இந்தத் தொட்டிப் பாசிக்கு இனி அவரே காவலுங்க. பேப்பர்ல என் பேரைப் போடாம உட்டதும் நல்லதாப் போச்சு."