சுவரைப் பார்த்து நின்றவர்கள்

அவள் கைகளைத் தூக்கினாள்.

பிறகு மடியிலேயே போட்டுக்கொண்டாள்.

எதிர் நாற்காலியில் பங்குச் சாமியார் காத்திருந்தார். ஓராண்டாகச் சனிக்கிழமைதோறும் கேளாதோர் பள்ளிக்குப் போய்ச் சைகை மொழி படித்தவர். இன்றுதான் முதன்முறையாகக் கைகளால் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்.

கோயில் மூலையில் பாவசங்கீர்த்தனப் பெட்டி சும்மா கிடந்தது. அதன் துளைப் பலகை வழியே குரல் போகும். கை போகாது. உள்ளே இருட்டு வேறு. பேசுகிறவர்களுக்குக் காற்று போதும். இவர்களுக்கு வெளிச்சம் வேண்டும்.

அதனால்தான் சன்னலோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

வெளிச்சம் நன்றாக விழுந்தது. அதுதான் சங்கடம்.

குரலைத் தாழ்த்தலாம். கையை எவ்வளவுதான் தாழ்த்துவது? கதவருகே வரிசை நின்றது. எல்லாரும் அவளைப் போன்றவர்கள். அங்கிருந்தே அவள் விரல்களை வாசித்துவிடுவார்கள்.

இதுவரை அவளுடைய பாவங்களை அம்மாதான் சொன்னாள்.

பெட்டிக்கு வெளியே நின்று அவள் கை காட்டுவாள். அம்மா துளைப் பலகையில் வாய் வைத்துச் சொல்வாள். பொய் சொன்னாளாம். பூசைக்கு வரவில்லையாம். தங்கையோடு பேசவில்லையாம்.

சிலவற்றைக் குறைத்தும் சொல்லியிருப்பாள். அம்மா அல்லவா.

அம்மாவிடம் சொல்லக்கூடிய பாவங்கள் மட்டுமே சாமியாரிடம் போய்ச் சேர்ந்தன.

இன்றைய பாவம் அம்மாவைப் பற்றியது.

அவள் மீண்டும் வரிசையைப் பார்த்தாள். முதலில் நின்றவர் தையற்கடை பிச்சைமுத்து. அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார்.

அவருக்குப் புரிந்தது.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். போகிற போக்கில் பின்னால் இருந்தவரின் தோளைத் தட்டினார். அவர் அடுத்தவரைத் தட்டினார். தட்டல் கதவுவரை போயிற்று.

வரிசை முழுவதும் முதுகுகள்.

சாமியாரைத் தவிர அங்கே காது கேட்கிற ஒரே ஆளான கோயில் உபதேசியார் மிக்கேல் பதறி ஓடிவந்தார்.

"என்ன சாமி, எல்லாரும் செவுத்தப் பாத்துத் திரும்பிட்டாங்க? வரிசையில எதும் சண்டையா?"

சாமியார் அவரையும் திரும்பி நிற்கச் சொல்லிக் கையசைத்தார். மிக்கேலுக்குச் சைகையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் திரும்பி நின்றார்.

அவள் தொடங்கினாள்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்குத் தொண்டையில் நோய். குரல் போய்விட்டது. மிச்சம் கைகள்தான். வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் கைகள் புரியாது. தண்ணீர். புரட்டிப் போடு. கால் வலிக்கிறது. பக்கத்தில் உட்கார். எல்லாம் அவளிடம்தான்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா கையைத் தூக்கினாள்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

கேட்கிறவர்களின் காதுக்கு இமை கிடையாது. அவளுக்கு உண்டு. மூடினால் போதும். எதிரே இருப்பவரின் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

திறந்தபோது அம்மாவின் கை போர்வைமேல் கிடந்தது. பிறகு அது எழவில்லை.

என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாது.

சாமியார் ஓர் இடத்தில் மட்டும் மறுபடி காட்டச் சொன்னார். மற்றபடி கண்ணை எடுக்கவில்லை. இந்த மொழியில் கேட்பது என்றால் பார்ப்பதுதான். கொஞ்சம் குனிந்தால் ஒரு வாக்கியம் போய்விடும். அவர் குனியவில்லை. கண்ணில் நீர் கோத்தது. துடைக்கக்கூட இல்லை.

அவள் முடித்தாள்.

அவர் மன்னிப்பின் சொற்களைத் தொடங்கினார். வாயாலும் கையாலும்.

அவர்கள் சைகையில், மன்னிக்க வேண்டுமென்றால் இடது உள்ளங்கையை வலது விரல்களால் துடைக்க வேண்டும். எந்தப் பக்கம் துடைக்கிறோம் என்பதில்தான் பொருள் இருக்கிறது. எதிரே இருப்பவரை நோக்கித் துடைத்தால், நான் உன்னை மன்னிக்கிறேன். தன்னை நோக்கித் துடைத்தால், நீ என்னை மன்னி.

அவர் இடது உள்ளங்கையை விரித்தார்.

தன்னை நோக்கித் துடைத்தார்.

உதடுகள், நான் உன்னை மன்னிக்கிறேன் என்றன. கை, நீ என்னை மன்னி என்றது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குத் தன் பிழை தெரிந்திருக்கவில்லை.

அவள் தன் உள்ளங்கையை விரித்து, அவரை நோக்கித் துடைத்தாள்.

மன்னித்தேன்.

அதன்பிறகுதான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மெல்லத் திருப்பிவிட்டாள்.

அவர் முகம் சிவந்தது. சிரித்தும்விட்டார். பிதா, சுதன் என்று முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை கை அவளை நோக்கி வந்தது. அவள் அது முடியும்வரை இமைக்காமல் பார்த்திருந்தாள்.

எழுந்து வந்து பிச்சைமுத்துவின் தோளைத் தட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே நாற்காலிக்குப் போனார்.

அவளுக்கு இனி அங்கே வேலை இல்லை. வீட்டுக்குப் போகலாம்.

அவர் விட்டுப்போன இடத்தில் சுவரைப் பார்த்து நின்றாள்.

பிறகு கண்களையும் மூடிக்கொண்டாள்.