பிரேக் இன்ஸ்பெக்டரின் மூன்றாவது தேர்வு

கார் கதவைத் திறந்து கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். 'ம், வண்டிய எடு' என்பதுபோல் முன்னால் பார்த்தார்.

வண்டி எடுக்க யாரும் இல்லை.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது. அவர் இடப்பக்கம் இருந்தார்.

வெளியே தேர்வு அதிகாரி நின்றுகொண்டிருந்தாள். மகள் வயதுதான் இருக்கும். கையில் டேப்லெட்.

"மன்னிக்க வேண்டும். அது என் இடம்," என்றாள் இங்கிலீஷில், மிகப் பணிவாக.

பழக்கதோஷம்.

முப்பத்தோரு வருஷம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவர். திருநெல்வேலியில் பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் கொடுக்கிற கை.

கொடுக்காத கை என்றும் சொல்வார்கள்.

அவர் ஃபெயிலாக்கியவர்களைக் கைகோத்து நிறுத்தினால், வரிசை பாளையங்கோட்டையில் தொடங்கி, திருச்செந்தூரில் கடலில் இறங்கி, கொழும்பில் கரையேறும். எட்டுப் போடும்போது ஒருவனுடைய கால் பெருவிரல் மண்ணைத் தொட்டதை, நூறடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தபடி கண்டுபிடித்தவர்.

அப்பேர்ப்பட்டவர், நியூசிலாந்தில் மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகு, இரண்டு தடவை ஃபெயில்.

முதல் தடவை, திரும்பும்போது தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றார்கள். அவர் பார்த்தார். கண்ணை மட்டும் உருட்டினார். ஊரில் அவர் கண்ணை உருட்டினால் லோடு லாரியே நிற்கும்.

இரண்டாம் தடவை, இண்டிகேட்டரும் போட்டு, போதாதென்று ஜன்னலை இறக்கிக் கையையும் நீட்டினார். வெளியே பேய் மழை. அதிகாரியின் பேப்பர் நனைந்தது. பிறகு அதிகாரியும்.

இது மூன்றாவது.

வெள்ளிக்கிழமையோடு இந்திய லைசென்ஸில் இங்கே வண்டி ஓட்டுவதற்கான கெடு முடிகிறது. இன்று தவறினால் காரின் பின்னால் மஞ்சள் அட்டை ஒட்டவேண்டும். கற்றுக்கொள்பவர் என்று அர்த்தம். பக்கத்தில் ஆள் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது.

பக்கத்து ஆள், மாப்பிள்ளை.

மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் குருவி பறந்தால்கூட, "மெதுவா மாமா... மெதுவா மாமா..." என்பார்.

அதற்கு நடந்தே திருநெல்வேலி போய்விடலாம்.

இறங்கி, சுற்றி வந்து, வலப்பக்கம் ஏறினார்.

வண்டி கிளம்பியது.

தலை கோயில் யானைபோல இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணாடி. தோள். கண்ணாடி. தோள். உள்ளங்கை வியர்வையில் அரை ஏக்கர் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம்.

அவர் பக்கத்தில் எத்தனை பேர் கைகள் இப்படி வியர்த்திருக்கும். வெயில் என்றல்லவா நினைத்திருந்தார்.

நாற்பது நிமிஷம். ஒரு பிழை இல்லை.

கடைசித் தெரு.

ஒரு வீட்டு வாசலிலிருந்து வெள்ளைக் கார் ஒன்று பின்பக்கமாகச் சாலைக்கு வந்தது. பார்க்காமல் வந்தது.

"ஏல, பிரேக்கப் போடுல!"

கத்தியது அவர்தான்.

பிரேக் போட்டதும் அவர்தான்.

முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் காலுக்குப் போட்ட அதட்டல். இன்று சொந்தக் காலே பயந்துபோய் அமுக்கிவிட்டது. வண்டி நின்றது. வெள்ளைக் கார் ஒரு முழம் முன்னால் ஒதுங்கிப் போனது.

அதிகாரி டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அவருக்கு மஞ்சள் அட்டை தெரிந்தது. மாப்பிள்ளை தெரிந்தார். குருவிகூடத் தெரிந்தது.

"என்ன சொன்னீர்கள்?" என்றாள் அதிகாரி.

"கார் வருகிறது என்று சொன்னேன்."

உச்சி முதல் உள்ளங்கால் வரை கலப்பில்லாத பொய்.

"ஆபத்தை வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம்," என்றாள். டேப்லெட்டில் எதையோ தட்டினாள்.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினார். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பேனாவாக இருந்தால் முழங்கை அசைவை வைத்தே சொல்லிவிடுவார். ஒரே இழுப்பு என்றால் ஃபெயில். விரலை வைத்து என்னத்தைச் சொல்வது?

"பாஸ்," என்றாள்.

அவர் விட்ட மூச்சில் முன்கண்ணாடி முழுக்க மங்கிப்போனது.

உள்ளே, வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் அவர் மனைவி, மடியில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். அவர் தரையில் நடக்கவில்லை. ஓர் அங்குலம் மேலே மிதந்து வந்தார்.

"பாஸாயிட்டேன்!"

"சந்தோஷம்," என்றாள். கண்ணில் சிரிப்பு இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வா, போவோம். ஒனக்கு எங்க போணும் சொல்லு. இனி ஒருத்தன்ட்டயும் கேக்க வேண்டாம்."

"இருங்க."

கவுண்டரில் ஒருவன் திரையைப் பார்த்து அடுத்த பெயரைப் படித்தான். பாதியில் திணறினான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தான்.

பிரம்மசக்தி.

தெற்கே பனிக்கண்டம் வரை தேடினாலும் அந்தப் பெயருக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும். அந்த ஆள் ஃப்ளாஸ்க்கை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். புடவையை நீவிவிட்டாள். கைப்பைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று வெளியே வந்தது. எழுத்துத் தேர்வு. கற்றுக்கொள்பவர் லைசென்ஸுக்கு. பதிவு செய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அவர் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இருவத்திமூணு வருசத்துக்கு முன்ன என்னைய ஃபெயிலாக்குனது நீங்க," என்றாள். "இவுக எப்படின்னு பாப்பம்."

நடந்தாள்.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. கேள்வியை இரண்டு தரம் படி. அவசரப்படாதே. ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவனுக்கு வழிவிடு. வாயெடுத்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டார்.

அவள் போன அறையின் கதவு சாத்திக்கொண்டது.

ஃப்ளாஸ்க்கைத் திறந்து தனக்கு அரைக் கோப்பை காப்பி ஊற்றினார். மீதியைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு மூடியை, ஆவி ஒரு இழைகூட வெளியே போகாதபடி, இறுக்கித் திருகினார்.