குட்டியைக் கவ்விய சிறுத்தை

"இன்ஜினை அணை முலாலோ! வண்டி ஆடினா படமும் ஆடும்னு எத்தனை தடவை சொல்றது?"

"அணைச்சு அரை மணி நேரமாச்சு தாயே. ஆடுறது வண்டி இல்ல, உன் கை."

ரொஃபிவா முறைத்தாள். கேமரா ஆடாமலிருக்க ஜன்னல் விளிம்பில் போட்டிருந்த பயறுப் பையின் மேல் அதை மறுபடி அழுத்தி வைத்தாள்.

குரூகர் சரணாலயக் காட்டின் வடகோடி. வறண்ட ஓடைக்கு இறங்கும் சாலையில் காலையிலிருந்து காத்துக் கிடக்கிறார்கள். பாறை இடுக்கில் சிறுத்தை ஒன்று குட்டி போட்டிருப்பதாக முகாமில் சொல்லியிருந்தார்கள். இதுவரை கண்ணில் பட்டது ஒரு காட்டுப்பன்றிதான்.

"போன வருஷம் நீ தூங்கினப்பதான் காட்டு நாய்க் கூட்டமே போச்சு," என்றாள்.

"யாரு தூங்கினா? கண்ணை மூடிட்டு யோசிச்சுட்டிருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

முலாலோ மாட்டிறைச்சி உப்புக்கண்டத்தில் கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து அவளிடம் நீட்டினான்.

பக்கத்து வண்டியிலிருந்த வெள்ளைக்காரப் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்மா ஆச்சு?"

"பதினாறு வருஷம் முன்னாடி நடந்துச்சுங்க. அன்னிக்கும் இவன் லேட்டாத்தான் வந்தான்!"

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதே நேரம் பாறைப் பக்கம் புல் அசைந்தது.

"வருது..." ரொஃபிவா கேமராவில் கண்ணை வைத்தாள். "ஐயோ, புதர் மறைக்குதே! இந்தத் தடவையும் போச்சு!"

இன்ஜினைப் போட்டால் சிறுத்தை ஓடிவிடும். முலாலோ மெல்லக் கைப்பிரேக்கை விடுவித்தான். சரிவில் வண்டி சத்தமில்லாமல் உருண்டு, புதரைத் தாண்டி நின்றது.

சிறுத்தை சாலையில் ஏறியது. வாயில் குட்டி. நடுச்சாலையில் நின்று அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மறுபக்கம் இறங்கிப் போனது.

ரொஃபிவா கேமராத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். தாயின் கண்கள், தொங்கும் குட்டியின் பாதம், எல்லாம் துல்லியம்.

"நீ உருட்டலேன்னா இது கிடைச்சிருக்காது," என்றாள்.

அவள் வாயால் பாராட்டு! காட்டின் நுழைவாயில்வரை சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான் முலாலோ.

நுழைவாயிலுக்கு வெளியே காத்திருந்த ஒருவன் ஓடிவந்தான். "கிடைச்சுதா?"

ரொஃபிவா குதித்து இறங்கி, அவன் தோளில் சாய்ந்துகொண்டு படத்தைக் காட்டினாள்.

"இந்தாப்பா கட்லேகோ, உன் பொண்டாட்டியப் பத்திரமா ஒப்படைச்சாச்சு," என்று சிரித்தான் முலாலோ. "எங்க விவாகரத்துல வண்டி எனக்கு, கேமரா இவளுக்குன்னு பிரிச்ச ஜட்ஜு, சிறுத்தை யாருக்குன்னு சொல்லாம விட்டுட்டாரே!"