சொந்த விரல்

அப்துல் ஜப்பாரின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் வாக்குச்சாவடி அதிகாரி சொன்னார்: "பாய், கண்ணு தெரியாதவங்க துணைக்கு ஒருத்தரை வச்சுக்கலாம்."

"நான் கீறேன் சார்!" என்று பாய்ந்து வந்தான் மச்சினன் முஸ்தகீம். "எந்த பட்டன்னு அக்கா சொல்லி அனுப்பிச்சிகீது."

"நீ வெளியே நில்லு மாமே," என்றார் ஜப்பார். "மெஷின்ல பிரெயில் கீது. நானே தடவிப் பார்த்துப் போட்டுக்குவேன். எங்களுக்கும் ரகசிய ஓட்டு உண்டுன்னு ஐ.நா. ஒப்பந்தத்துலயே கீது சார். நம்ம நாடும் அதுல கையெழுத்துப் போட்டுகீது!"

வரிசை முணுமுணுத்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

இத்தனை தேர்தலிலும் மனைவி ஜரினாதான் கூட வந்து அமுக்குவாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜப்பாரின் ஓட்டை ஜப்பாரின் விரலே போட்டது. 'பீப்' சத்தம் கேட்டதும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வீட்டில் ஜரினா பிடித்துக்கொண்டாள். "யாருக்குங்க போட்டீங்க?"

"அது ரகசியம்."

பிரியாணி வைத்துக் கேட்டாள். பிரியாணிக்கு மட்டும் வாயைத் திறந்தார். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்து பார்த்தாள். அதற்கும் அவர் மசியவில்லை.

ஓட்டு எண்ணி முடித்த அன்று பூந்தமல்லியில் அந்தத் தெரு முழுக்கப் பட்டாசு வெடித்தது. வார்டின் புதுக் கவுன்சிலர் கழுத்து நிறைய மாலையோடு வந்து ஜப்பாரின் காதருகே குனிந்து கெஞ்சினார்.

"ஜெயிச்சாச்சு, இப்பவாவது சொல்லுங்க. கட்டின பொண்டாட்டிக்குத்தானே போட்டீங்க?"

"நல்லா வேலை செய் ஜரினா," என்றார் ஜப்பார். "அடுத்த எலெக்‌ஷன்ல யோசிக்கிறேன்."