சிவப்பு நட்சத்திரம்

வாசல் திரையில் உள்ள படிவம் நிரம்பினால்தான் மருத்துவமனைக் கதவு திறக்கும். அந்தப் படிவத்தை ஜாவா கணினி மொழியில் எழுதியவள் நிலோஃபர், விவாகரத்தானவள். 'கணவர் பெயர்' கட்டத்தை அவள் கட்டாயமாக்கவில்லை.

"புருஷன் பேரு இல்லாத பொம்பள எவ இங்க வரப் போறா? கட்டாயம்னு சிவப்பு நட்சத்திரம் போடும்மா," என்று மேலாளர் பரசுராமன் எல்லோர் முன்னாலும் சிரித்தார். எல்லாப் படிவங்களிலும் போட்டாள்.

பன்னிரண்டு வருடம் கழித்து அவரே போனில் அழைத்தார். கணவனை விட்டு வந்த அவர் மகள், பிரசவ வலியோடு மூடிய கதவின் முன் நின்றாள்.

"அந்த நட்சத்திரத்த எடுத்துடும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

நோயாளி படிவத்திலிருந்து அந்த ஒரு வரியை நிலோஃபர் வெட்டி எடுத்தாள். கதவு திறந்தது.

"உங்க பொண்ணு உள்ள போயிட்டாங்க சார்."

"நான் எப்படிம்மா போறது?"

"பார்வையாளர் படிவம் இருக்கே, நிரப்புங்க."

பரசுராமன் திரையைத் தொட்டார். முதல் கட்டத்திலேயே சிவப்பு நட்சத்திரம் இருந்தது. பக்கத்தில், 'கணவர் பெயர்'.