உண்ணி இல்லாத காளை

கால்நடை மருந்தக வாசலில் ஆண்டியப்பனின் ஜல்லிக்கட்டுக் காளை காதைத் தொங்கப்போட்டு நிற்கிறது. டாக்டரம்மாவிடம் அழுக்காகவா கொண்டுபோவது என்று உண்ணிகளையெல்லாம் பிடுங்கிப்போட்டு, குளிப்பாட்டி, மாலையும் போட்டுக் கூட்டிவந்திருக்கிறார் பெரிய மனிதர். “உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல் ரெண்டும் இல்லைன்னு ரத்தப் பரிசோதன ரிப்போர்ட் வந்துருச்சுல்லங்க? ஞாயித்துக்கெழம வாடிவாசல்ல அவுக்கணும். ஊசியப் போட்டுப் படுக்க வச்சிராதீங்க.” டாக்டர் தேவிப்ரியா காளையின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறாள், சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. மாட்டைவிட மாலையில்தான் உயிர் மிச்சமிருக்கிறது. ரிப்போர்ட்டை மீறி ஊசி போட்டபின் செத்தால் பழி அவள் தலையில்தான் விழும். மருந்துக் குப்பியைக் கையில் உருட்டியபடி நிற்கிறாள். காளை காலை அகட்டுகிறது. கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம் சிமெண்டுத் தரையில் விழுந்து ஆண்டியப்பனின் வெள்ளை வேட்டியில் தெறிக்கிறது. அவர் பதறி வேட்டியை உதறுகிறார். “வேட்டிய அப்புறம் தொவைக்கலாம். ரிப்போர்ட் என்ன சொன்னாலும் ரத்தம் கரைஞ்சு மூத்திரத்துல போகுது, உண்ணிக்காய்ச்சல்தான். எதுன்னு பாக்க நேரமில்ல. மூக்கணாங்கயித்தப் புடிங்க, ரெண்டு காய்ச்சலுக்கும் சேத்தே போடுறேன்.”