பாத்ரூம் வரிசை

"கதவைத் திறம்மா! மூச்சை நல்லா இழு... நாலு எண்ணு... இப்ப விடு!" பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, செல்போனைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான் கணவன்.

உள்ளே ஈரத் தரையில், கவிழ்த்த பக்கெட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். கணக்கு டீச்சர். நீண்ட விடுப்பு முடிந்து இன்று பள்ளிக்குத் திரும்ப வேண்டும். புடவை கட்டி முடித்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டவள்தான்.

"எங்க காலத்துல மனசுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. நாங்கல்லாம் நல்லா இல்லையா?" இது மாமியார்.

அந்த வீட்டில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் அறிவுரைக்கு வராது.

"யாரும் எனக்காக இங்க நிக்க வேணாம். போயிடுங்க!" என்று கத்தினாள் அவள்.

"உங்களுக்காக யார் நின்னா? நான் குளிக்கணும்."

நாத்தனாரின் குரல். வீட்டில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர்.

"பின்னாடி பாத்ரூம்ல நீ..." என்று இழுத்தான் கணவன்.

"அங்க தண்ணி வரலண்ணா! நீ போனை எடுத்துட்டுக் கிளம்பு. இழு, விடுன்னு கத்தறியே, உள்ள என்ன பிரசவமா நடக்குது? அம்மா, நீயும் போ."

காலடிச் சத்தம் தேய்ந்தது. கதவுக்கு வெளியே தொப்பென்று உட்கார்ந்தாள் பட்டாசு.

'மனுஷி சாகக் கிடக்கிறேன், இவளுக்குக் குளியல்!' உள்ளே இருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெதுவா வாங்கண்ணி. பேசக்கூட வேணாம். பக்கெட்டை ஒரு தட்டுத் தட்டுங்க, போதும். இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கறேன்."

டொக்.

அப்புறம் வெளியே சத்தமே இல்லை. நடுவில் ஒருமுறை மட்டும், "கதவிடுக்கு வழியா ஒரு கரப்பான் உள்ள வருது. வரிசையில அது எனக்குப் பின்னாடிதான், விரட்டிடுங்க" என்றாள்.

உள்ளே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. வாய்விட்டு அழுதாள். வெளியிலிருந்து ஒரு 'அழாதே' வரவில்லை. "ம்" மட்டும் வந்தது.

"எனக்கு ஏன் இப்படி ஆகுதுன்னே தெரியல."

"எனக்கும் தெரியலண்ணி. அது தெரிஞ்ச டாக்டருங்க இருக்காங்க. நானும் கூட வரேன். போலாம்னா ஒரு தட்டு, வேணாம்னா ரெண்டு."

வெகுநேரம் கழித்து, டொக்.

இரண்டாவது தட்டு வரவில்லை. தாழ்ப்பாள்தான் விலகியது.

"பாவம், உன்னை ரொம்பக் காக்க வெச்சிட்டேன். போ, முதல்ல குளி" என்றபடி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சோப்பு வாசனை. சலவை மடிப்புக் கலையாத ஆபீஸ் உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை, ஈரத் தலையில் சுற்றிய துண்டு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் பட்டாசு.

"பின்னாடி தண்ணி வரலன்னியே?"

"தண்ணி காலையிலேயே வந்துச்சு அண்ணி" என்றாள் பட்டாசு, மரத்துப்போன காலைப் பிடித்துக்கொண்டு. "நீங்கதான் வரல."